அடுக்களைக்குப் பின்னால் ஆறு

எழுபதுகளின் நடுவில் அப்பா டீ ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மழை தொடங்குவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும் என்று எஸ்டேட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. எஸ்டேட்டில் பிறந்த எவருக்கும் வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் வீடும் போகும். ஆனாலும் அன்றிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டுவாள். மறுநாள் குழம்புச் சட்டியைக் காணவில்லை என்று அவிழ்ப்பாள். இன்னொரு நாள் மறுபடி கட்டுவாள். வேலையிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் வீடு வேறு மாதிரி இருக்கும்.

எனக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பஜாரில் தபால் ஆபீஸ் மாடியில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். போடிமெட்டு ஏறி இந்தக் கேரளப் பக்கம் இறங்கினால் தேயிலைக்கு நடுவில் வரும் சின்னப் பஜார் அது. அங்கே வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்மா போடியில் இருந்த மாமா வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்றாள். போனால் நான் இங்கே தனியாக எங்கே தங்குவது? அப்பாவுக்கோ போடி வெயிலை நினைத்தாலே தலை சுற்றும். பிறந்தது திருநெல்வேலிச் சீமை என்பார், ஆனால் மீசை முளைக்கும் முன்பே மலையேறியவர். குளிர் இல்லாத ஊர் அவருக்கு ஊரே இல்லை.

"ஒரு வீடு வாங்கிருவோம்" என்று நான்தான் சொன்னேன். அம்மா கையிலிருந்த சாக்கை அப்படியே போட்டுவிட்டாள்.

"யாரு வாங்குறது?"

"நான்."

எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரே ஒரு வீடுதான் இருந்தது. மேல்ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் பாலத்துக்குக் கொஞ்சம் மேற்கே, ஆற்றை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். அதில் கடைசிக்கு முந்தினது. தகரக் கூரை, முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுக்களை. அடுக்களை மட்டும் கருங்கல் கட்டின் மேல் ஆற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜன்னலைத் திறந்தால் ஆறு. நாங்கள் போனது மாசி மாதம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளிக் கம்பி மாதிரி, ஆனால் நல்ல இரைச்சலோடு ஓடியது. பெண்கள் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் கோட்டயத்துப் பக்கமிருந்து வந்தவர். பஜாரில் பேக்கரி வைத்திருந்தார். மேல்ரோட்டில் கடையும் மாடியுமாகப் புதிதாகக் கட்டிவிட்டதால் இதை விற்கிறார். சிரித்த முகம், பருத்த உடம்பு. மலையாளமும் தமிழும் சரிபாதியாகக் கலந்து பேசுவார். நான் நேராகவே கேட்டேன்.

"சேட்டா, ஆறு வீட்டுக்குள்ள வருமா?"

"வரும் மோளே. நான் பொய் சொல்ல மாட்டேன். எல்லா வருஷமும் இல்ல. வந்தா முட்டு வரைக்கும்." குனிந்து தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "சேறு போட்டுட்டுத் திரும்பிப் போகும். ரெண்டு நாள் கழுவினா தீர்ந்நு."

அப்பா இதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. அடுக்களை ஜன்னலில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ஃபாக்டரியில் அரவை மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆயுள் முழுக்கக் கழித்தவர். குவார்ட்டர்ஸும் ஃபாக்டரிக்குப் பக்கம்தான், ஆனால் இனி அந்தச் சத்தம் அவருடையதல்ல என்ற நினைப்பே அவரைப் புரட்டிப் புரட்டிப் போட்டது.

"தண்ணிச் சத்தம் மெஷின் ஓடுற மாதிரியே இருக்கும்மா" என்றார் என்னிடம். "இங்க தூக்கம் வரும்."

"எனக்கு வராது" என்றாள் அம்மா. "வாசல்ல யாராவது செத்து விழுந்தாக்கூட கேக்காது போலிருக்கு."

அதன்பின் சில வாரங்கள் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஆற்றைப் பற்றியே கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருவர், அந்தக் காலத்தில் பஜாரையே வாரிக்கொண்டு போன ஆறு என்றார். இன்னொருவர், அதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்றார். மருந்துக்கடைக்காரர், நீ வாங்கவில்லை என்றால் சொல், நான் வாங்குகிறேன் என்றார். வில்லேஜ் ஆபீசில் இருந்தவருக்கு ஆற்றைப் பற்றிக் கவலையே இல்லை. "பட்டயம் உண்டோ? உண்டு. புறம்போக்கு அல்ல. பின்னே என்ன பயம்?" என்றார். இந்த மலையில் பட்டயம், அதாவது பட்டா, உள்ள நிலம் கிடைப்பதே அபூர்வம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தண்ணீர் பட்டயத்தைப் படித்துப் பார்த்துவிட்டா வரும்?

போடி மாமாவிடமிருந்து ஆள் வந்தது. பெண்பிள்ளை பேரில் வீடு வாங்கினால் வரப்போகிற மாப்பிள்ளை என்ன நினைப்பான் என்று கேட்டு அனுப்பியிருந்தார். அப்பா சொன்னார்: "வர்றவன் வரட்டும். வந்து மழைக்கு ஒதுங்கட்டும்."

வைகாசி பிறக்கும் முன் தேவிகுளம் போய் ஆதாரம் பதிந்தோம். பத்திரம் என்றால் அங்கே யாருக்கும் புரியாது, ஆதாரம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். திரும்பி வரும்போது நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கீழே ஆறு தெரிந்தது. இதற்கு முன் எத்தனையோ முறை போன வழி. அது இவ்வளவு தூரம் கூடவே வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நாங்கள் குடியேறி முடிக்கவும் ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தமிழ்நாட்டு மழை மாதிரி பெய்து ஓய்வதல்ல. பிடித்தால் பிடித்ததுதான். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவர் வியர்க்கும். துவைக்கிற பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான் காலையில் எழுந்ததும் அடுக்களை ஜன்னல். பல் தேய்த்துவிட்டு ஜன்னல். காபி குடித்துக்கொண்டு ஜன்னல். வேலைக்குக் கிளம்பி வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய் இன்னொரு முறை பார்ப்பேன். அம்மா அரிசி மூட்டையை அடுக்களைப் பரணில் ஏற்றச் சொல்வாள். மழை சற்று விட்டதும் சோறு வடிக்க இறக்கச் சொல்வாள். ஏற்றி இறக்கி அப்பாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் நன்றாகத் தூங்கினார். அதுவே எங்கள் இருவருக்கும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். கோயிலைச் சுற்றியுள்ள பழைய அக்கிரகாரத் தெருக்களில் ஒன்றிலிருந்து வந்தவர். தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "ஆத்துல எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான், "இன்னும் ரெண்டு பாறை தெரியுது சார்" என்பேன். பல நாள் கழித்துத்தான் அவர் ஆற்றைக் கேட்கவில்லை, அகத்தைக் கேட்கிறார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கிறார் என்று புரிந்தது. அவரும் நான் ஏன் பாறையைப் பற்றியே சொல்கிறேன் என்று குழம்பிப் போயிருந்தாராம்.

அந்த வருஷம் தண்ணீர் வரவில்லை. கருங்கல் கட்டின் விளிம்புவரை வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. கொடுக்க வேண்டிய அடியைக் கொடுக்காமல் ஓங்கிய கையோடு ஒருவர் எதிரே நிற்பதுபோல இருந்தது. அடுத்த ஜூன் வரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுவருஷம் ஆடியில் வந்தது.

அன்று காலை நான் கிளம்பும்போது தண்ணீர் கட்டின் விளிம்பில்தான் இருந்தது. போன வருஷமும் அங்கேதான் நின்றது என்று அப்பா சொன்னார். "நீ போ, நேரமாச்சு" என்றார். போனேன். போர்டில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டியதும், கால் வந்தால் லைன் துளையின் மேல் விழும் சின்னத் தகடுகளான ஷட்டர்கள் படபடவென்று விழ ஆரம்பித்தன. எப்போதும் அந்த நேரத்தில் ஒன்றிரண்டு கால் வரும், காய்கறி லாரியைக் கேட்டோ டாக்டரைக் கேட்டோ. அன்று எல்லா எஸ்டேட்டும் ஒரே சமயத்தில் கூப்பிட்டது. ரோடு போய்விட்டது என்று ஒருவர். மரம் விழுந்து பஸ் நிற்கிறது என்று ஒருவர். மேலே ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் மேல் மண் சரிந்துவிட்டது, ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள், டாக்டரைக் கொடு, டாக்டரைக் கொடு என்று ஒருவர் அழுதார். டாக்டரைக் கொடுத்தேன். அடுத்த ஷட்டர். அடுத்தது. கை தானாக ஓடியது.

பதினொரு மணி இருக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கால். இணைப்பைக் கொடுத்துவிட்டு லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்கும் அந்த ஒரு நொடியில் காதில் விழுந்தது: "பாலத்துல மரமெல்லாம் வந்து அடைச்சிருக்கு சார். தண்ணி போக வழியில்ல. ஆத்து வரிசையில ஏறுது."

ஆற்று வரிசை என்றால் எங்கள் வரிசை.

எழுந்துவிட்டேன். ஹெட்செட் வயர் என்னை இழுத்தது. எனக்கு அடுத்து வர வேண்டியவள் ரோடு அடைபட்டு எங்கோ நிற்கிறாள். கீழேயிருந்து போஸ்ட்மாஸ்டர் ஏறி வந்தார்; அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது.

"நீ ஆத்துக்குப் போ கொழந்தே. நான் போர்டைப் பாத்துக்கறேன்."

"உங்களுக்குப் போர்டு தெரியாதே சார்."

"தெரியாதுதான்" என்றார். அந்தச் சமயம் மண் சரிந்த எஸ்டேட்டின் ஷட்டர் மறுபடி விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்த வயரைத் தொடுவதென்று தெரியாமல் நின்றார். நான் உட்கார்ந்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் டெலிபோன் கிடையாது. கிட்டத்தில் இருந்தது மேல்ரோட்டில் பேக்கரிக்காரரின் போன்தான். கூப்பிட்டேன். "சேட்டா, எங்க வீடு..." என்றதுமே, "இரு மோளே, நோக்கிட்டு வரேன்" என்று ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினார். அந்த லைனை நான் துண்டிக்கவில்லை. ஒரு காதில் அந்தக் கடை, இன்னொரு பக்கம் ஊர் முழுக்க. கடையின் தகரக் கூரையில் மழை அடிப்பது கேட்டது. யாரோ பன் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரோ இருமினார்கள். ஒரு பாத்திரம் விழுந்தது. நான் நடுநடுவே மற்றவர்களுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே அந்தக் கடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

திடீரென்று காதைப் பிளக்கிற மாதிரி அம்மாவின் குரல். வாழ்நாளில் முதல்முறையாகப் போனில் பேசுகிறாள். போன் இல்லாமல் நேரடியாகவே எனக்குக் கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அலறினாள்.

"ஏட்டி! உங்கப்பா வர மாட்டேங்காரு!"

"தண்ணி எவ்வளவு இருக்கு?"

"நான் வரும்போது முட்டுக்கு மேல. அவரு பரண்ல ஏறி உக்காந்துக்கிட்டாரு. சாமானெல்லாம் போயிருமாம். காவல் இருக்காராம்!"

பேக்கரிக்காரர் ரிசீவரை வாங்கினார். மூச்சு வாங்கியது. "நான் எவ்வளவோ கூப்பிட்டேன். உன் அச்சன் என்னைத் திட்டுறாரு. முட்டு வரைதான் வரும்னு விக்கும்போது சொன்னீரே, இப்ப என்னத்துக்குப் பயங்காட்டுறீருன்னு கேக்கிறாரு. நான் சொன்னது வேற வெள்ளம் மோளே. இது அதல்ல."

அப்பாவின் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆற்றுக்குப் பயந்து அவர் இறங்க மாட்டார். பேக்கரிக்காரர் சொல்லி இறங்க மாட்டார். அம்மா அழுதாலும் மாட்டார். எனக்கு வந்தது ஒரே யோசனைதான். இடி இடிக்கும்போது டெலிபோன் ஆபரேட்டரை மின்னல் இழுத்துவிடும் என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அந்தப் பயம்.

"சேட்டா, என்னை இடி இழுத்துட்டுது, நினைவில்லாமக் கிடக்கேன்னு அப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

பக்கத்திலிருந்து அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "வாய அலம்புடி! அப்படியெல்லாம் சொன்னா பலிச்சிரும்!"

"பலிக்கட்டும். சொல்லச் சொல்லு."

அப்பா வந்தார். படியில் அவர் காலடி எனக்குத் தெரியும், ஆனால் அன்று ஒரு கால் செருப்பில்லாததால் வேறு மாதிரிக் கேட்டது. வேட்டி இடுப்புவரை சேறு. கதவருகில் நின்று என்னைப் பார்த்தார். நான் அந்த நேரம் டாக்டருக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் லைன் அறுந்துபோனதை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தேன். இருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் இருந்தார். காலடியில் தண்ணீர் தேங்கியது. போஸ்ட்மாஸ்டர் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார். நான் ஒரு பிளக்கை உருவி இன்னொன்றைச் செருகினேன்.

"இடி இழுத்துட்டுன்னாரே" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"பொய்யா?"

"ஆமா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் சிவந்து கறுத்தது. துண்டால் தலையைத் துவட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். போஸ்ட்மாஸ்டர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். வழிவிடாமல் நிற்கிறார் என்று தெரியாதபடி காபி சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பாவால் அந்த மரியாதையைத் தாண்டிப் போக முடியவில்லை.

அப்போது போர்டில் பேக்கரி லைனின் ஷட்டர் விழுந்தது. பாலத்து அடைப்பு உடைந்துவிட்டது, தண்ணீர் ஒரே இழுப்பாக இறங்கிவிட்டது என்றார் பேக்கரிக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். அன்று அதைக் கழற்றியது அந்த ஒரு தடவைதான்.

"அடுக்களை போயிட்டுதுப்பா."

"போயிட்டுன்னா?"

"இடிஞ்சு ஆத்துல போயிட்டு."

"பரணு?"

"பரணும்தான்."

காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. எனக்கு அடுத்த ஷட்டர் விழுந்துவிட்டது.

மறுநாள் மழை சற்று இளைத்தபோது மூவரும் போய்ப் பார்த்தோம். முன்வாசலில் நின்றால் வீட்டின் வழியாகவே ஆறு தெரிந்தது. நடு அறையின் பின்சுவர் பாதி நின்றது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. அடுப்பு, அம்மி, பரண், அரிசி மூட்டை, அம்மா கட்டிக் கட்டி அவிழ்த்த பித்தளைப் பாத்திரங்கள், கருங்கல் கட்டு எல்லாம் போயிருந்தன. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆற்றைப் பார்த்து, "தின்னு, நல்லாத் தின்னு" என்றாள். அப்பா பாதிச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பல மாதம் அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பெத்த அப்பன்கிட்ட இடி விழுந்து செத்துட்டேன்னு பொய் சொன்னவ" என்று என்னைக் காட்டிக் குறைபட்டுக்கொண்டார். நான் செத்துவிட்டேன் என்று சொல்லவில்லை, மயக்கம் என்றுதான் சொன்னேன் என்றால் கேட்க மாட்டார்.

மண் சரிந்த லயத்திலிருந்து எல்லோரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. அதைக் கேட்ட பிறகு எங்கள் அடுக்களையைப் பற்றிப் பேச எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

பேக்கரிக்காரர் கடைக்கு மேல் இருந்த மாடியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். "நான் விற்ற வீடு" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டு பன்னும் பாலும் அனுப்புவார். அம்மா மறுபடி போடியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டை விற்றுவிடலாம் என்றாள். பாதி வீட்டை யார் வாங்குவார்கள்? மாற்றலுக்கு எழுதித் தரட்டுமா என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். ஒரு நாள் எழுதுங்கள் என்பேன், மறுநாள் வேண்டாம் என்பேன். வேலை முடிந்ததும் கால் தானாகக் கீழ்ரோட்டுக்கு இறங்கும். அந்தப் பாதி வீட்டில் போய் நிற்பேன். போக மனமில்லை, இருக்கவும் தைரியமில்லை. அந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால் தேவலை.

தை மாதத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அடுக்களையை இனி முன்பக்கம் ரோட்டை ஒட்டிப் போடுவது என்று முடிவாயிற்று. பின்சுவரை நடு அறையோடு நிறுத்திவிட வேண்டும். கொத்தனார் நூலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்தச் சுவர்ல ஜன்னல் வைக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றாள் அம்மா. "அது மூஞ்சில முழிக்கவே வேண்டாம்."

"ஜன்னல் இல்லாம காத்து எப்படி வரும்?" என்றார் அப்பா. அவருக்குக் காற்று வேண்டியதில்லை, சத்தம்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கொத்தனார் இருவரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஓனரம்மா சொல்லட்டும்."

அந்த வார்த்தையை என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல்தடவை. நான் சிமெண்ட் படிந்த அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வையுங்க" என்றேன். "பெருசா வையுங்க. ஏறுதா இல்லையான்னு பார்க்கணும்."

ஜன்னல் சட்டம் பொருத்திய அன்று மூவரும் அதன் முன் போய் நின்றோம். கோடைத் தண்ணீர். பாறைகள் எல்லாம் வெளியே கிடந்தன. "ஆறு முன்னைக்குக் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

"ஆறு எங்க தள்ளிப் போச்சு?" என்றாள் அம்மா. "நாமதான் பின்னால வந்திருக்கோம்."

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை ஒரு விதமாக அமைந்தது. ஜூன் பிறந்ததும் கதவைப் பூட்டிவிட்டுப் பேக்கரி மாடிக்கு ஏறிவிடுவோம். ஐப்பசி மழையும் கழிந்த பின் இறங்கி வருவோம். சொந்த வீட்டுக்காரர்களாகப் பாதி வருஷம், குடக்கூலிக்காரர்களாகப் பாதி வருஷம். மழை மாதங்களில் மாடியில் அப்பாவுக்குத் தூக்கம் வராது, அம்மா குறட்டை விடுவாள். கீழே இறங்கிவிட்டால் நேர்மாறு. நான் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருந்தேன். காலையில் கிளம்பும்போது வாசல் வரை போவேன், திரும்பி வந்து ஜன்னல் வழியாக ஆற்றை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.